குட்டி போட்ட வீட்டுக்குச் சில பதில்கள்

மழை பிடித்ததும் குமரி மாவட்டத்து வாசகர்களிடமிருந்து நாய்க்குட்டி பற்றிய கேள்விகள் கூடிவிடுகின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

இணை சேர்த்து இன்றோடு 61 நாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை, சாக்கைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. எதுவரை காத்திருக்கலாம்? – தக்கலை

இணை சேர்த்த நாளிலிருந்து எண்ணினால் 58 முதல் 68 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஈனலாம். ஆண் நாயின் விந்து உள்ளே பல நாள் உயிரோடு இருக்கும் என்பதால்தான் இவ்வளவு வித்தியாசம். நாட்காட்டியை விட நம்பகமானது தெர்மாமீட்டர். 57ஆம் நாள் முதல், முனையில் வாசலின் தடவி, ஆசனவாயில் காலையும் மாலையும் பாருங்கள். வழக்கமாக 101 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி நிற்கும் சூடு 99க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் குட்டி வந்துவிடும்.

பிறாண்டுவது, இரைப்பது, நடுங்குவது, ஒருமுறை வாந்தி எடுப்பது எல்லாம் முதல் கட்டம். 6 முதல் 12 மணி நேரம் நீளும், தலைச்சன் என்றால் இன்னும் கூடுதலாகலாம். அப்போது வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் பயந்து வலியை நிறுத்திக்கொள்ளும். பழகிய ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும்.

முக்கத் தொடங்கிய பிறகுதான் கடிகாரம் பார்க்க வேண்டும். விடாமல் பலமாக முக்கி அரை மணி நேரமாகியும் குட்டி வரவில்லை என்றால் கிளம்புங்கள். உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலும் அப்படித்தான். முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை நீர் வந்தால், ஒரு குட்டியின் நஞ்சுக்கொடி கழன்றுவிட்டது, அதற்கு ரத்தம் போகவில்லை என்று பொருள். அங்கே காத்திருக்க நேரமே இல்லை. முதல் குட்டிக்குப் பிறகு வரும் அதே பச்சை நீருக்குப் பயப்பட வேண்டாம்.

மருந்துக் கடையில் பிரசவ வலியை வரவழைக்கும் ஊசி வாங்கி நீங்களே போடாதீர்கள். குட்டி குறுக்கே சிக்கியிருக்கும்போது அந்த ஊசி கர்ப்பப்பையையே கிழித்துவிடலாம். 55 நாளுக்குப் பிறகு ஓர் எக்ஸ்ரே எடுத்து வைத்திருந்தால் எத்தனை குட்டி என்று தெரிந்திருக்கும், 'முடிந்ததா, இன்னும் இருக்கிறதா' என்ற தவிப்பு பாதி குறையும். சிசேரியன் வசதி உள்ள இடம் எது, இரவில் யார் போன் எடுப்பார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கமிருந்து அங்கே போக ஆகும் நேரத்தை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

ஒரு குட்டி பின்னங்கால் முதலில் வந்தது. ஆபத்தா? தொப்புள்கொடியை நாம்தான் வெட்ட வேண்டுமா? – திருவட்டார்

நாயில் பத்துக்கு நாலு குட்டி பின்பக்கமாகவே வரும், அது இயல்பு. பையோடு வந்த குட்டியைத் தாய் ஒரு நிமிடத்தில் கிழிக்காவிட்டால் நீங்கள் முகத்திலிருந்து கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, துண்டால் முதுகை அழுத்தித் தேயுங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றும் பழைய வழக்கம் வேண்டாம், மூளையில் ரத்தம் கசியும். கொடியைத் தாய் கடித்துவிட்டால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் வயிற்றிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, கொதிக்க வைத்த நூலால் இறுக்கிக் கட்டி, கட்டுக்கு வெளியே வெட்டி, போவிடோன் அயோடினில் நனையுங்கள். வயிற்றை ஒட்டி வெட்டினால் ரத்தம் நிற்காது, இழுத்தால் தொப்புளில் குடலிறக்கம் வரலாம். நஞ்சுகளை எண்ணுங்கள், குட்டிக்கு ஒன்று. தாய் தின்றதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஏழு குட்டியில் ஒன்றைத் தள்ளைநாய் ஒதுக்கித் தள்ளுகிறது. தொட்டால் சில்லென்று இருக்கிறது. பால் புகட்டினால் வாயில் நிற்கிறது. 'தேறாது, விட்டுவிடு' என்கிறார்கள். – குலசேகரம்

விட்டுவிடாதீர்கள். ஆனால் பாலை உடனே நிறுத்துங்கள்.

பிறந்த முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கும் திறன் கிடையாது. அதன் உடல் சூடே 95 முதல் 98 டிகிரி ஃபாரன்ஹீட்தான். 94க்குக் கீழே போனால் குடல் அசைவது நின்றுவிடும். அந்த நேரத்தில் ஊற்றிய பால் வயிற்றில் அப்படியே கிடந்து புளிக்கும், அல்லது நுரையீரலுக்குப் போகும். பாலில்லாமல் செத்தது என்று சொல்லப்படும் குட்டிகளில் பல, குளிர்ந்த வயிற்றில் பால் ஊற்றியதால் செத்தவை. தாய் ஒதுக்குவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். சில்லிட்ட குட்டி முலையைத் தேடாது, சப்பாது, குரல் கொடுக்காது. சூடேற்றிக் கொடுத்தால் அதே தாய் பல நேரம் சேர்த்துக்கொள்ளும்.

சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அல்லது வெந்நீர் பாட்டிலில் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் எடுத்து மெதுவாகச் சூடேற வேண்டும். அடுப்பருகில் வைத்து அவசரப்படுத்தினால் தோல் வெந்துபோகும், உள்ளே குளிராகவே இருக்கும். உடம்பு வெதுவெதுப்பானதும் பல் ஈறில் இரண்டு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தடவி, பிறகு பின்பக்கத்து முலையில் சேருங்கள், அங்கேதான் பால் அதிகம் சுரக்கும். இரண்டு மணி நேரம் சூடேற்றியும் சப்பவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி அடைமழையும் இரண்டுமே விழுகிற மாவட்டம் நம்முடையது. ரப்பர் தோட்டத்து வீடுகளில் தரை காய்வதே இல்லை. குட்டி கிடக்கும் இடத்தில் முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிறகு வாரம் வாரமாகக் குறைக்கலாம். பெட்டியின் ஒரு மூலைக்கு மேல் மட்டும் இரண்டடி உயரத்தில் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். மறுமூலை குளிர்ச்சியாக இருக்கட்டும், குட்டியே நகர்ந்து தனக்கு வேண்டிய இடத்தைத் தேடிக்கொள்ளும். எல்இடி பல்பைத் தொங்கவிட்டு 'லைட் போட்டிருக்கிறோமே' என்று எழுதியவர்கள் உண்டு. அதில் வெளிச்சம்தான் வரும், குட்டிக்கு வேண்டிய சூடு வராது. கரண்ட் போகும் இரவுக்கு இரண்டு வெந்நீர் பாட்டில்களை மாற்றி மாற்றி வையுங்கள்.

சரியாக இருக்கிறதா என்பதைக் குட்டிகளே சொல்லும். ஒன்றின் மேல் ஒன்று குவிந்தால் குளிர். ஆளுக்கொரு மூலையில் இரைத்துக் கிடந்தால் சூடு அதிகம். பக்கம் பக்கமாகப் படுத்து, தூக்கத்தில் துடித்துத் துடித்து அடங்கினால் எல்லாம் சரி. அந்தத் துடிப்பை வலிப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்னொன்று, சமையலறை டிஜிட்டல் தராசு. தினமும் ஒரே நேரத்தில் எடை எழுதுங்கள். முதல் நாளில் பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். அதன்பின் தினமும் 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும். 300 கிராமில் பிறந்தது பத்தாவது நாளில் 600ஐத் தொட வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் அன்றைக்கே கவனியுங்கள். கண்ணுக்கு மெலிவு தெரியும் முன்பே தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

வண்டியில் அடிபட்டுத் தாய் செத்துப்போனது. நான்கு நாள் குட்டிகள். பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தோம், கழிகிறது. – குளச்சல்

நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு, லாக்டோஸ் குறைவு. தண்ணீர் மட்டும் கலந்தால் பசி ஆறாது. கிடைத்தால் நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால்பவுடரே நல்லது. அது வந்து சேரும்வரை ஓரிரு நாளைக்கு: காய்ச்சி ஆறிய பால் 120 மில்லி, கொதித்து ஆறிய தண்ணீர் 120 மில்லி, முட்டை மஞ்சள்கரு 2 முதல் 4, சமையல் எண்ணெய் 1 முதல் 2 தேக்கரண்டி, பொடித்த கால்சியம் கார்பனேட் 1000 மில்லிகிராம். தண்ணீர் லாக்டோஸைக் குறைக்கும், அதனால் குறையும் சத்தை மஞ்சள்கருவும் எண்ணெயும் ஈடுகட்டும். வெள்ளைக்கரு வேண்டாம், தேனும் வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்தில் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லிக்கு மேல் போகாதீர்கள். 250 கிராம் குட்டி என்றால் 10 மில்லி. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும். குப்புறக் கிடத்தி, தலை லேசாக மட்டும் உயரட்டும். பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகினால் ஓட்டை பெரிது. மூக்கு வழியாகப் பால் வந்தால் அந்த வேளையை அங்கேயே நிறுத்துங்கள்.

பலர் மறப்பது இதை: மூன்று வாரம்வரை குட்டியால் தானாக மூத்திரம் போக முடியாது, தாய் நக்கினால்தான் போகும். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவுங்கள்.

அக்கம்பக்கத்தில் பால் கொடுக்கும் வேறு நாய் இருந்தால் இத்தனை பாடும் வேண்டியதில்லை. அதன் படுக்கைத் துணியால் இந்தக் குட்டிகளைத் துடைத்து, கூடவே நின்று சேர்த்துப் பாருங்கள்.

பொமரேனியன், ஐந்து குட்டி, 18 நாள். நேற்று முதல் இரைக்கிறது, கால் விறைக்கிறது, நடக்கும்போது தள்ளாடுகிறது. – நாகர்கோவில்

இதைப் படிக்கும் நேரத்தில் மருத்துவரிடம் இருக்க வேண்டும். ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது. சின்ன இன நாய்களில், பால் சுரப்பு உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்றாவது வாரத்தில் வரும். அடுத்தது வலிப்பு. நரம்பில் கால்சியம் மெதுவாக ஏற்றினால் கண்ணெதிரே எழுந்து நிற்கும். குட்டிகளை உடனே பிரித்துப் பவுடர் பாலுக்கு மாற்றுங்கள். சினையாக இருக்கும்போது 'சத்துக்கு' என்று கால்சியம் டானிக் ஊற்றுவது இதைத் தடுப்பதில்லை, வரவழைக்கிறது. வெளியிலிருந்து வருவதால், எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் சுரப்பி அசந்துபோகிறது.

ஒன்பது நாளாகியும் கண் திறக்கவில்லை. – பூதப்பாண்டி

10 முதல் 14 நாளில் திறக்கும். காது அதற்குச் சில நாள் கழித்து. விரலால் பிரிக்காதீர்கள். மூடிய இமைக்குள் வீங்கிச் சீழ் தெரிந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ராத்திரியில் கட்டெறும்பு மொய்த்து ஒரு குட்டியைக் கொன்றுவிட்டது. எறும்புப் பொடி தூவலாமா? படுக்கைக்குக் கதம்பை நார் போட்டிருக்கிறோம். – கருங்கல்

பொடியும் வேண்டாம், எறும்புச் சாக்பீஸும் வேண்டாம். தாயின் காலில் ஒட்டி, அது நக்கி, குட்டியின் வாய்வரை போகும். பெட்டியை நான்கு கட்டையின் மேல் தூக்கி, ஒவ்வொரு கட்டையையும் தண்ணீர் ஊற்றிய சிரட்டையில் நிறுத்துங்கள். சிரட்டை ஆடாமல் இருக்க மணலில் பதிக்கலாம். பெட்டி சுவரைத் தொடக்கூடாது, தொட்டால் எறும்புக்கு அதுவே பாலம். எறும்பை அழைப்பது நஞ்சு வாடையும் சிந்திய பாலும், ஈரத் துணியை அன்றன்றே மாற்றுங்கள்.

கதம்பை நாரை எடுத்துவிடுங்கள். இழை காலில் சுற்றி இறுகும், தூசு மூக்கில் ஏறும். அடியில் சாக்கு, மேலே பழைய பருத்தி வேட்டி. வெறும் செய்தித்தாளில் கால் வழுக்கும், அப்படி வளரும் குட்டி கால் பரப்பி நீந்துவது போலத் தவழும். பெட்டியின் உட்சுவரை ஒட்டி நான்கு அங்குல உயரத்தில் ஒரு சட்டம் அடித்தால், தாய் சாயும்போது குட்டி நசுங்காமல் ஒதுங்க இடம் கிடைக்கும்.

தெள்ளுப்பூச்சி இருந்தால் நெருக்கமான சீப்பால் வாருங்கள். குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம், மருந்துக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் குட்டி வளர்ப்பவர்கள், தவழும் வயது வருமுன் ஆசிட் கேன்களை அப்புறப்படுத்துங்கள்.

ஒரு மாதமாகிறது. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும் மசித்துக் கொடுக்கலாமா? – கொல்லங்கோடு

சாளை நல்லது, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்திருந்தால். மரச்சீனி வெந்திருந்தால் கெடுதல் இல்லை, ஆனால் அது வெறும் மாவு. கிழங்கால் வயிறு உப்பி எலும்பு தெரியும் குட்டிகளை இங்கே நிறையவே பார்க்கலாம். குழைந்த சோறு ஒரு பங்கு, வேகவைத்த மீனோ கோழியோ ஒரு பங்கு, வெந்த தண்ணீரில் கூழாகக் கரைத்து, தட்டையான தட்டில் ஒரு நாளைக்கு நான்கு வேளை. குழம்பு மீன் வேண்டாம், அதில் உள்ளியும் மிளகாயும் உப்பும் இருக்கும். தாய்ப்பாலும் ஆறேழு வாரம்வரை கூடவே நடக்கட்டும்.

40 நாளில் குட்டிகளைக் கொடுத்துவிடலாமா? அதற்குள் என்ன ஊசி போட வேண்டும்? – மார்த்தாண்டம்

40 நாள் மிகவும் சீக்கிரம். விற்பனைக்கு வளர்ப்பவர்கள் 8 வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக்கூடாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை உடன்பிறந்தவற்றிடம்தான் குட்டி கற்கிறது. சீக்கிரம் பிரித்தது பின்னால் வீட்டுப் பிள்ளைகளின் கையைப் பதம் பார்க்கும்.

பூச்சி மருந்து ஊசிக்கு முன்பே தொடங்க வேண்டும். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் வந்துவிடும், கொக்கிப்புழு பால் வழியாக வரும். அதனால் 2, 4, 6, 8ஆம் வாரங்களில், எடை பார்த்து, குட்டிகளுக்கான திரவ மருந்து. தாய்க்கும் கூடவே. மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம்வரை. ஒன்றோடு நிறுத்தினால் பயன் கிடைக்காமல் போகலாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்ய விடாது, அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். பார்வோவில் ஒரு நாய் செத்த முற்றத்தில் கிருமி மாதக்கணக்கில் கிடக்கும், சோப்புத் தண்ணீருக்கு அசையாது. சிமென்ட் தரை என்றால் ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். மண் தரையில் அதுவும் பலிக்காது, குட்டியை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். அதற்கு முன் குட்டி கடித்தால் 'பால் பல்தானே' என்று விடாதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.