காட்டைப் படமெடுக்க ஆசைப்படும் மகளுக்கு என்ன படிப்பு?

வணக்கம் அம்மா. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த மகள், "நீட் வேண்டாம், காட்டைப் படமெடுக்கப் போகிறேன்" என்கிறாள், கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எழுதியிருந்தீர்கள். விலங்கியல் படிக்கப் போகிறாள் என்று சொல்லுங்கள். நான் சொல்லும் வழியும் அதுதான்.

கேமரா கொஞ்ச நாளில் பழகிவிடும். எதை, எங்கே நின்று எடுப்பது என்பதற்குத்தான் படிப்பு வேண்டும். ஆட்காட்டிக் குருவி வெட்டவெளித் தரையில் முட்டையிடும். வெயில் ஏறினால் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். இது தெரிந்தவள் கூட்டைவிட்டுத் தள்ளி, குட்டைக்கரையில் கேமராவோடு காத்திருப்பாள். தெரியாதவர் கூட்டருகிலேயே போய் நிற்பார். பறவை கத்திக்கொண்டு விலகும், முட்டை வெயிலில் கிடக்கும்.

காட்டுயிர்ப் படங்கள் எடுக்கும் சென்னையின் சேகர் தத்தாத்ரி பள்ளி நாட்களிலேயே பாம்புப் பண்ணையில் தன்னார்வலராக இருந்தவர், பிறகு விலங்கியல் படித்தவர். கர்நாடகத்தின் குதிரேமுக் இரும்புச் சுரங்கத்தால் காடும் பத்ரா ஆறும் கெடுவதை 2001-இல் குறும்படமாக எடுத்தார். சுரங்கத்துக்கு எதிரான வழக்கில் அந்தப் படமும் முன்வைக்கப்பட்டது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2005 முடிவில் சுரங்கம் நின்றது. வெறும் அழகான காட்சிகள் அங்கே எடுபட்டிருக்காது.

பி.எஸ்சி. முடித்ததும் ஊட்டி அரசுக் கலைக் கல்லூரி, மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி போன்ற இடங்களில் வனவிலங்கு உயிரியல் முதுகலை படிக்கலாம். சினிமாதான் வேண்டுமென்றால் புனே திரைப்படக் கல்லூரிக்கு எந்தப் பட்டமும் போதும், நுழைவுத் தேர்வு உண்டு. அமெரிக்காவில் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயற்கை வரலாற்றுப் படத்துக்கென்றே முதுகலை இருக்கிறது. ஆனால் கடன் வாங்கி அனுப்பும் அவசரம் இப்போது வேண்டாம்.

வருமானம்? முதல் சில வருடம் இழுபறிதான், மறைக்க மாட்டேன். தொண்டு நிறுவனங்களுக்கும் ஆய்வு நிலையங்களுக்கும் சின்னச் சின்ன வீடியோ செய்துதான் பலரும் காலத்தை ஓட்டுகிறார்கள். முதுகலை அறிவியல் கையில் இருந்தால் ஆய்வுத் திட்ட வேலைக்கோ, பி.எட். முடித்து ஆசிரியர் வேலைக்கோ போகலாம். அப்புறம், சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் படமெடுக்கப் போகக் கூடாது, அதை இப்போதே சொல்லிவையுங்கள்.

கேமராவுக்கு லட்சம் செலவழிக்காதீர்கள். வீட்டில் இருக்கும் போனும் ஒரு டிரைபாடும் போதும். பக்கத்து ஏரியில் ஏதாவது ஒரு உயிரைப் பற்றி மூன்று நிமிடப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அது என்ன தின்கிறது, எப்போது முட்டையிடுகிறது என்று ஒரு பக்கமும் எழுதட்டும். இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். எழுதுவதற்கு மட்டும் அலுத்துக்கொண்டால் அதையும் சொல்லுங்கள், வேறு படிப்பைப் பற்றிப் பேசலாம்.