கொடி பிடித்து நிற்பவர்கள்: வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூர் மரீனா பே ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் பணியாற்றும் தொண்டூழியர்களைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய அரைப்பக்கக் குறிப்புக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சில ஆண்டுகள் நானும் ஒரு வளைவின் ஓரத்தில், தடத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷலாக நின்றவன் என்பதால், இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஒரு முறை பந்தயம் நடத்த 135 மில்லியன் வெள்ளி செலவாகிறது என்று படித்தேன். அவ்வளவு பணம் புரளும் இடத்தில், தடத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் ஏன் சம்பளம் இல்லை? இது சுரண்டல் இல்லையா?
– ஈசூன் வாசகர்

நீங்கள் சொல்லும் தொகை, 2017இல் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டபோது வெளியிடப்பட்ட ஆண்டுச் செலவு. அதில் 60 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்பதாகவும் அப்போது அறிவிக்கப்பட்டது. ஆகவே வரி செலுத்தும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

கார்ப் பந்தயம் மன்றங்களின் விளையாட்டாகப் பிறந்தது. கார் வைத்திருந்தவர் ஓட்டினார். இல்லாதவரும் அந்த வாரம் கார் பழுதானவரும் கொடி பிடித்தார்கள், நேரம் குறித்தார்கள். 1961 முதல் 1973 வரை நம் தாம்சன் சாலையில் ஆண்டுதோறும் பந்தயம் நடந்த காலத்திலும், 1954இல் மக்காவில் உள்ளூர் ஆர்வலர்கள் சிலர் தொடங்கிய பந்தயத்திலும் இதுதான் வழக்கம். பின்னாளில் தொலைக்காட்சியும் விளம்பரமும் வந்து ஓட்டுநர்களும் குழுக்களும் கோடிகளில் புரளத் தொடங்கிய பிறகும், தடத்தின் ஓரத்தில் மட்டும் அந்தப் பழைய மன்ற வழக்கம் அப்படியே தங்கிவிட்டது. மெல்பர்ன் உள்படப் பெரும்பாலான இடங்களில் இதே நிலைதான்.

இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. ஆண்டுக்கு மூன்றே இரவுகள் தேவைப்படும் ஒரு திறனை வைத்துக்கொண்டு யாரும் பிழைப்பு நடத்த முடியாது. கூலிக்கு ஆள் பிடித்தால் ஒவ்வோர் ஆண்டும் புதியவர்களே வருவார்கள். தாமாக விரும்பி வருபவர்களோ எட்டு, பத்து ஆண்டுகள் தொடர்ந்து வருகிறார்கள். மார்ஷல்கள் நிற்கும் என் சாவடியில் இருந்த வங்கி ஊழியர் ஒருவர், வளைவுக்குள் கார் நுழையும் ஓசையை வைத்தே அது சுவரில் உரசுமா, தப்புமா என்று சொல்லிவிடுவார்.

ஆனாலும் உங்கள் சந்தேகத்தை நான் முழுவதும் தள்ளிவிடப் போவதில்லை. கொடி, தீயணைப்பு, மீட்பு போன்ற பணிகளுக்குத் தொண்டூழியம் பொருந்தும். ஏனெனில் அவற்றில் பயிற்சி இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது, செய்பவருக்கு ஒரு நிறைவும் இருக்கிறது. விருந்தினர் கூடத்தில் தட்டு எடுப்பதையும் நாற்காலி அடுக்குவதையும் தொண்டூழியம் என்று பெயர் சூட்டி இலவசமாக வாங்கிக்கொள்ள யாராவது முனைந்தால், அதற்குச் சரியான சொல் நீங்கள் சொன்னதுதான். அது மட்டுமன்று, சம்பளம் தராத ஏற்பாட்டாளர் பயிற்சி, காப்புறுதி, நேரத்துக்குச் சாப்பாடு, தட்டுப்பாடில்லாத தண்ணீர், நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்ப வண்டி ஆகியவற்றில் ஒன்றைக்கூடக் குறைத்துவிடக் கூடாது.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகன் மார்ஷல் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். அங்கே அவன் என்ன செய்வான்? உயிருக்கு ஆபத்து உண்டா? மறைக்காமல் சொல்லுங்கள்.
– ஜூரோங் வெஸ்ட் வாசகி

மறைக்காமலே சொல்கிறேன், அம்மா. பெரும்பாலான நேரம் உங்கள் மகன் நிற்பான். தடையரணுக்குப் பின்னால், வேலிக்கு அருகில், நெருப்பைத் தாங்கும் தடித்த ஆரஞ்சு நிற உடையில், ஈரக்காற்றில் வியர்த்து வழிந்தபடி மணிக்கணக்கில் நிற்பான். அந்த உடை ஏன் ஆரஞ்சு என்றால், மஞ்சளோ சிவப்போ அணிந்தால் ஓட்டுநர் அதைக் கொடி என்று எண்ணிவிடக்கூடும்.

ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு தலைவர் இருப்பார். பந்தயக் கட்டுப்பாட்டு அறையுடன் வானொலியில் பேசுவது அவர் வேலை. கொடி பிடிப்பவர்கள் இருவராகப் பணியாற்றுவார்கள். ஒருவர் வரும் கார்களைப் பார்த்தபடி நீலக்கொடியைக் கவனிப்பார். பின்னால் வேகமான கார் வருகிறது, வழிவிடு என்பது அதன் பொருள். மற்றவர் எதிர்த்திசையில் தம் பகுதித் தடத்தைப் பார்த்தபடி மஞ்சள் கொடியுடன் நிற்பார். மஞ்சள் கொடி அசைந்தால் முந்தக்கூடாது, வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு மஞ்சள் கொடிகள் சேர்ந்து அசைந்தால் நிற்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும், ஏனென்றால் தடத்திலேயே ஆள் இருக்கலாம். சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக உள்ள கொடி, தடம் வழுக்குகிறது என்பதைச் சொல்லும். இப்போது மின்விளக்குப் பலகைகளும் உள்ளன என்றாலும் துணிக்கொடி ஓய்வு பெறவில்லை.

மோதல் நேர்ந்தால் தலைவர் சொல்லும்வரை ஒருவரும் தடையரணைத் தாண்டக்கூடாது. பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், ஏனென்றால் ஓடிப்போய் உதவ வேண்டும் என்பதுதான் நல்ல மனம் கொண்ட எவருக்கும் முதலில் தோன்றும். இறங்கிய பிறகும் கார்கள் வரும் திசைக்கு முதுகு காட்டக்கூடாது. இன்றைய கார்களில் உயர் மின்னழுத்த அமைப்பு இருப்பதால், காரின் மேற்பகுதியில் உள்ள சிறு விளக்கு பச்சையாக இருக்கிறதா என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது. தீப்பற்றினால் ஒழிய, அடிபட்ட ஓட்டுநரைத் தாமாக வெளியே இழுக்கவும் கூடாது; அது மருத்துவக் குழுவின் வேலை. இப்படி ‘கூடாது’களை மனப்பாடம் செய்வதுதான் பயிற்சியில் பாதி. கைப்பேசியில் படமெடுப்பது, கைதட்டுவது, பிடித்த ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குவது ஆகியவையும் அந்தப் பட்டியலில் அடங்கும்.

ஆபத்து உண்டு. 2001இல் மெல்பர்ன் நகரின் ஆல்பர்ட் பார்க் பந்தயத்தில், இரு கார்கள் மோதியதில் பிய்ந்து பறந்த சக்கரம் வேலியில் இருந்த இடைவெளி வழியாகப் பாய்ந்து ஒரு தொண்டூழிய மார்ஷலின் உயிரைப் பறித்தது. அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலியின் மோன்சாவிலும், 2013இல் கனடாவிலும் மார்ஷல்கள் இறந்தார்கள். கனடாவில் இறந்தவர், பந்தயம் முடிந்தபின் பழுதான காரை அப்புறப்படுத்தும்போது மீட்பு வண்டியில் சிக்கியவர். சக்கரங்களைக் காருடன் பிணைக்கும் வடங்கள் வலுப்படுத்தப்பட்டதற்கும் வேலிகளின் அமைப்பு ஆராயப்பட்டதற்கும் இத்தகைய இழப்புகள் காரணம். 2015இல் வந்த மெய்நிகர் பாதுகாப்பு கார் என்னும் விதியும், தடத்தில் ஆள் இருக்கும்போது எல்லாக் கார்களையும் ஒரே சமயத்தில் மெதுவாக்குவதற்குத்தான்.

மகனைத் தடுக்க வேண்டாம். பயிற்சி வகுப்புகளில் ஒன்றைக்கூட விடாமல் போகிறானா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2016 பந்தயத்தில் ஒரு மார்ஷல் தடத்தில் உயிருக்குப் பயந்து ஓடிய காட்சியை இன்னும் மறக்க முடியவில்லை. தவறு அவருடையதா?
– பினாங்கு வாசகர்

தொடக்கத்திலேயே நிக்கோ ஹல்கன்பர்க்கின் கார் தடுப்புச் சுவரில் மோதி, நேர்பாதை முழுவதும் உடைந்த துண்டுகள் சிதறிய பந்தயம் அது. அவற்றைப் பொறுக்க மார்ஷல்கள் இறங்கினார்கள். பந்தயக் கார்களை மெதுவாக வழிநடத்திச் சென்ற பாதுகாப்பு கார் விலகிப் பந்தயம் மீண்டும் தொடங்கியபோது ஒருவர் மட்டும் இன்னும் தடத்திலேயே இருந்தார். முதலிடத்தில் இருந்த நிக்கோ ரோஸ்பர்க் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தார். அந்த மனிதர் ஓடித் தப்பினார்.

தடத்தில் குனிந்து துண்டு பொறுக்குபவருக்கு, பாதுகாப்பு கார் எப்போது உள்ளே போகிறது என்பது தெரியாது. அவரை இறக்குபவரும் ஏற்றுபவரும் அவருடைய தலைவர். தலைவருக்குச் சொல்ல வேண்டியது கட்டுப்பாட்டு அறை. எல்லோரும் திரும்பிவிட்டார்கள் என்ற உறுதி மேலே போய்ச் சேராமல் பந்தயத்தைத் தொடங்கினால், கீழே இருப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தும் பயனில்லை. அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பந்தயத் தடத்தில் உடும்பு வந்தால் யார் பிடிப்பது?
– புக்கிட் பாத்தோக் வாசகி

2016இல் பயிற்சி ஓட்டத்தின்போது உண்மையிலேயே ஓர் உடும்பு தடத்தைக் கடந்தது. அதைப் பார்த்த ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன், தடத்தில் ஒரு ராட்சதப் பல்லி இருக்கிறது என்று வானொலியில் சொன்னார். பின்னரும் உடும்புகள் எட்டிப் பார்த்திருக்கின்றன. மஞ்சள் கொடி காட்டி, தேவையானால் ஓட்டத்தை நிறுத்தி, மார்ஷல்கள்தாம் விரட்ட வேண்டும். உடும்புக்கு எந்தக் கொடியும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

எனக்கு 61 வயது. வெயிலிலும் புழுக்கத்திலும் நிற்க இயலாது. ஆனாலும் நகரத்தின் நிகழ்ச்சியில் ஏதாவது ஒரு வகையில் பங்குபெற விரும்புகிறேன். வேறு ஊர்களில் எப்படிச் செய்கிறார்கள்?
– தோ பாயோ வாசகர்

கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரம் உங்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு. பயண முகவராக இருந்த கிறிஸ் பூக் என்பவரின் முயற்சியால் 1975 செப்டம்பரில் அங்கே சாலைப் பந்தயம் தொடங்கியது. 1976 முதல் 1983 வரை அது ஃபார்முலா ஒன் பந்தயமாக நடந்தது. பிறகு செலவு தாளாமல் ஃபார்முலா ஒன்னைக் கைவிட்டு, 1984 முதல் அமெரிக்க வகைக் கார்களுக்கு மாறிக்கொண்டது. 2025இல் பொன்விழா கண்டுவிட்டது. உலகப் பட்டம் போன பிறகும் ஊர் அந்தப் பந்தயத்தை விடாமல் வைத்துக்கொண்டதில், ‘முந்நூற்றுவர் குழு’ என்னும் உள்ளூர்த் தொண்டூழியர் அமைப்புக்கும் பங்கு உண்டு. இவர்கள் கொடி பிடிப்பவர்கள் அல்லர். வெளியூரிலிருந்து வருபவர்களை வீட்டுக்காரர்போல வரவேற்று, பந்தய வாரத்தில் ஊரின் முகமாக இருப்பவர்கள். ஆண்டுதோறும் சில நாள்கள் தம் தெருவை அடைத்துச் சத்தம் போடும் ஒரு நிகழ்ச்சியை ஊர்மக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுமானால், அதை நடத்துபவர்களில் தமக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்க வேண்டும்.

இங்கேயும் கட்டுப்பாட்டு அறை, நேரப் பதிவு, ஆவணம், தொண்டூழியர் பதிவுக் கூடம் என்று நிழலில் இருந்து செய்யும் பணிகள் உள்ளன. ஆள் சேர்ப்பு அறிவிப்பு வரும்போது உங்கள் உடல்நிலையை ஒளிக்காமல் எழுதி அவற்றைக் கேட்டுப் பாருங்கள். 2025 பந்தயத்துக்கு வெப்ப அபாயம் என்று உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ முதன்முறையாக அறிவித்தது நினைவிருக்கும். ஓட்டுநர்களுக்குக் குளிர்ச்சி தரும் உள்ளாடை ஏற்பாடு உண்டு, தடத்தின் ஓரத்தில் நிற்பவருக்கோ தண்ணீர்ப் போத்தல்தான்.

சென்னையிலும் சாலைப் பந்தயம் நடந்ததே! இங்கும் இப்படி ஒரு தன்னார்வலர் படை உருவாகுமா?
– சென்னை, திருவல்லிக்கேணி வாசகர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன அந்த இரவுப் பந்தயம், 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தடத்தில் நடந்தது. முதல் நாள் மழையும் தடத்துக்கான அனுமதித் தாமதமும் சேர்ந்து நிகழ்ச்சிநிரலைக் குலைத்ததை நீங்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள்.

ஆள்களுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்திலும் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் தலைமுறை தலைமுறையாகப் பந்தயம் நடத்திவருகிறது. கொடியின் மொழி அறிந்தவர்கள் அங்கே உண்டு. ஆனால் நிலையான தடமும் நகரச் சாலையும் ஒன்றல்ல. நிலையான தடத்தில் கட்டுப்பாட்டை இழந்த கார் வேகம் தணிந்து நிற்க மண்வெளி இருக்கும். நகரச் சாலையில் சுவர்தான் இருக்கும், காரை உடனே தூக்கி அப்புறப்படுத்தவும் இடமிருக்காது. மோனக்கோவில் நின்றுபோன காரைத் தடுப்புக்கு மேலாகக் கிரேனில் தூக்கும் லாவகம், அதே வளைவில் அதே ஆள்கள் ஆண்டுதோறும் நின்று பழகியதால் வந்தது. ஆகவே, உங்கள் ஊரில் பந்தயம் ஆண்டுதோறும் தவறாமல் நடந்தால் படை தானாக உருவாகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கு முடிந்தபின், மழை விட்டபின் என்றால் உருவாகாது.

இத்தனை ஆண்டுகள் நின்றீர்களே, பந்தயத்தை நன்றாகப் பார்த்தீர்களா?
– செங்காங் வாசகி

ஒரு வளைவைப் பார்த்தேன். 2023இல் தடம் மாற்றப்பட்ட பிறகு ஒரு சுற்று ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர், அதில் எங்கள் சாவடிக்குத் தெரிவது அதிகம் போனால் நூற்றைம்பது மீட்டர். கார் வரும், போகும். யார் வென்றார் என்பதைப் பெரும்பாலும் வாணவேடிக்கை முடிந்த பிறகு, உடை மாற்றும் கூடாரத்தில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொள்வேன். மறுநாள் காலை வீட்டில் மனைவி பதிவுசெய்து வைத்திருந்த ஒளிபரப்பைப் பார்ப்போம். எங்கள் வளைவு திரையில் வரும்போதெல்லாம் நான் எங்கே நிற்கிறேன் என்று அவர் தேடுவார். ஒருமுறைகூட அகப்பட்டதில்லை.