மைக்ரோஸ்டேஷனில் எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துரு மாறித் தெரிவது

வணக்கம். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்த கோப்பை மைக்ரோஸ்டேஷன் என்ற மற்றொரு வரைபட மென்பொருளில் திறந்தால் எழுத்துகள் கட்டத்தை மீறுவதாகவும், விட்டக்குறி (⌀) கேள்விக்குறியாகிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கோப்பு கெட்டுப்போகவில்லை. டிடபிள்யூஜி எனப்படும் ஆட்டோகேட் வரைபடக் கோப்பில் எழுத்துருவின் பெயர்தான் இருக்குமே தவிர எழுத்துரு இருக்காது என்பதால், அது கிடைக்காதபோது மென்பொருள் வேறொன்றை இட்டு நிரப்புகிறது.

வரைந்தவரிடம் ஆட்டோகேடில் வரைபடத்தோடு அதற்குத் தேவையான கோப்புகளையும் சேர்த்துக் கட்டும் ஈட்ரான்ஸ்மிட் கட்டளையில் எழுத்துருக்களையும் சேர்த்து மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள். வந்துசேரும் எஸ்ஹெச்எக்ஸ் கோப்பை (ஆட்டோகேடின் எழுத்துருக் கோப்பு) மைக்ரோஸ்டேஷனின் ஃபான்ட் இன்ஸ்டாலர் வழியாக ஆர்எஸ்சி எனப்படும் அதன் சொந்த எழுத்துரு நூலகத்தில் ஏற்றிக்கொள்ளலாம். ஏரியல் போன்ற ட்ரூடைப் எழுத்துருவை மாற்றாக வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். எஸ்ஹெச்எக்ஸ் கோடுகளால் ஆனது, ட்ரூடைப் உள்நிரப்பிய வடிவம்; எழுத்துகளின் அகலமும் பொதுவாக ஒத்துவராது. ஏற்றியபின், விட்டக்குறியைக் குறிக்கும் %%c உள்ள ஒரு அளவு வரியை மட்டும் பெரிதாக்கி, மூலக் கோப்பின் அச்சுப்படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.