ஒரே இடத்தில் உரியும் உதடு: வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவப் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 34. கீழ் உதட்டில், நடுவிலிருந்து வலப்பக்கம் சற்றுத் தள்ளி, பட்டாணி அளவுக்குத் தோல் காய்ந்து உரிகிறது. நான்கு மாதமாகிறது. உரித்துவிட்டால் இரண்டு நாள் வழவழப்பாக இருக்கிறது. மூன்றாம் நாள் மறுபடி வெள்ளையாகச் செதில் கட்டிவிடுகிறது. மூன்று வகை லிப் பாம் மாற்றிவிட்டேன். தண்ணீர் நிறையக் குடிக்கிறேன். புகைப் பழக்கம் கிடையாது. ஏன் ஆறவே மாட்டேன் என்கிறது?

பதில்: முதலில் அந்த உரிப்பதை நிறுத்துங்கள். உதட்டுத் தோலின் மேலடுக்கு மிக மெல்லியது. மற்ற இடத்துத் தோலுக்கு எண்ணெய்ப் பசை தரும் சுரப்பிகள் உதட்டில் இல்லை என்றே சொல்லலாம். வியர்வைச் சுரப்பிகளும் இல்லை. அதனால் ஈரம் சீக்கிரம் வெளியேறுகிறது. நீங்கள் பிய்க்கும் செதிலின் ஒரு ஓரம் தளர்ந்திருந்தாலும் மறு ஓரம் கீழே உள்ள உயிருள்ள தோலோடு ஒட்டியிருக்கிறது. இழுக்கும்போது அதுவும் சேர்ந்து வருகிறது. உடம்பு அவசர அவசரமாக அங்கே புதுத் தோல் போடுகிறது. முதிராத அந்தத் தோலால் ஈரத்தைப் பிடித்து வைக்க முடியாது. காய்ந்து மறுபடி செதிலாக எழும்புகிறது. உங்கள் மூன்றாம் நாள் கணக்கு இதுதான். தண்ணீர் குடிப்பது நல்லதுதான், ஆனால் உடம்பில் நீர் வற்றியிருந்தால் ஒழிய இந்தத் திட்டுக்கு அதனால் பலன் இருக்காது.

அடுத்தது, இடம். லிப் பாம், பற்பசை போன்றவை ஒத்துக்கொள்ளாமல் போனால் பெரும்பாலும் இரண்டு உதடுகளும் பரவலாகக் காயும். ஒரே புள்ளியில் நின்றுவிட்டது என்றால், அந்தப் புள்ளியில் என்ன படுகிறது என்று தேட வேண்டும். கண்ணாடி முன் நின்று வாயை இயல்பாக மூடுங்கள். கீழ் உதட்டை மெதுவாக வெளியே இழுத்து, மேல் பல் ஏதாவது ஒன்றின் கூரான முனை சரியாக அந்தத் திட்டின் மேல் உட்காருகிறதா என்று பாருங்கள். யோசிக்கும்போது அந்த இடத்தைக் கடிக்கிறீர்களா, பேனா மூடியை அந்தப் பக்கம் வைக்கிறீர்களா, பல் துலக்கும்போது நுரை அந்தப் பக்கமாக வழிகிறதா? வீட்டில் இருப்பவரிடம் ஒரு நாள் கவனிக்கச் சொல்லுங்கள். கடிப்பவருக்குத் தான் கடிப்பது தெரிவதில்லை. பல்தான் காரணம் என்றால் பல் மருத்துவர் அந்த முனையைச் சற்றே தேய்த்துவிட்டால் போதும்.

இனிப் புதிதாக எதையும் தடவிப் பார்க்க வேண்டாம். மூன்று வாரத்துக்கு உதட்டில் படும் எல்லாவற்றையும் விலக்கிவிடுங்கள்: லிப் பாம், லிப்ஸ்டிக், வாசனைப் பற்பசை, மவுத்வாஷ். மென்தால், கற்பூரம், ஃபீனால், சாலிசிலிக் அமிலம் கலந்த லிப் பாம்கள் தடவியதும் குளுகுளுவென்று இருக்கும். அதைக் குணமாவதாக நினைத்துவிடுகிறோம். புண்பட்ட உதட்டை அவை மேலும் எரிச்சலூட்டும். லானோலின், தேனீப் பிசின், ஆமணக்கெண்ணெய், இலவங்கப்பட்டை வாசனை ஆகியவை சிலருக்கு ஒவ்வாமை தரும். 'இயற்கை' என்று அட்டையில் போட்டிருப்பதால் இது மாறிவிடாது. பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட்டும் புதினா வாசனையும் உதட்டுக்கு ஆகாதவர்கள் உண்டு. இரண்டும் இல்லாத பற்பசையைப் பட்டாணி அளவு மட்டும் எடுத்துத் துலக்குங்கள்.

துலக்கியதும் உதட்டை வெறும் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுதாகக் காய்வதற்குள், வாசனை சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியை ஓர் அரிசி அளவு எடுத்து உதடு முழுவதும் தொட்டுத் தொட்டு வையுங்கள். தேய்க்க வேண்டாம். காய்ந்த உதட்டில் தடவினால் பாதிப் பலன்தான், ஏனென்றால் ஜெல்லி தானாக ஈரம் தராது, இருக்கும் ஈரத்தைத்தான் மூடி வைக்கும். சாப்பிட்டபின், தண்ணீர் குடித்தபின் என்று ஒரு நாளில் ஆறேழு முறை வேண்டியிருக்கும். இரவில் சற்றுக் கெட்டியாகவே போடுங்கள். டப்பாவில் விரல் விட்டு எடுப்பதைவிடக் குழாயில் வருவது சுத்தம்.

செதில் உறுத்தினால், சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து ஐந்து நிமிடம் உதட்டில் வைத்திருங்கள். அதோடு தானாக வருவது வரட்டும். தொங்கும் ஓரம் மட்டும் தடுக்கினால் சிறிய கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு நறுக்கிவிடலாம். ஸ்கிரப், பல் துலக்கும் பிரஷ் இரண்டும் கூடாது.

முதல் நாளும் பிறகு வாரத்துக்கு ஒரு முறையும் அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் பிடிபடாது. பிய்ப்பதும் எரிச்சலும்தான் காரணம் என்றால் பத்து நாளில் தெளிவான முன்னேற்றம் தெரியும். மூன்று வாரத்தில் நன்றாகிவிட்டால், விட்ட பொருட்களை ஒரே நாளில் திரும்பக் கொண்டுவராதீர்கள். வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். எதைச் சேர்த்தபின் திரும்ப வருகிறதோ அதுதான் ஆகாதது. இப்படியும் பிடிபடாவிட்டால் பேட்ச் டெஸ்ட் உண்டு: சந்தேகப் பொருட்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், தாமதமாக வரும் ஒவ்வாமைக்காக இரண்டொரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

சிவந்து அரித்தால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பை மருத்துவரைக் கேட்டு, மெல்லியதாக, தினம் இரு முறை, ஏழு நாளுக்கு மிகாமல் போடலாம். முதலில் சுருசுருவென்று குத்தி, பிறகு கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து பொருக்குக் கட்டினால் அது ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்று. அதன்மேல் இந்தக் களிம்பு கூடாது. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டுகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடவே வேண்டாம். தோல் மெலியும், வாயைச் சுற்றிப் பருக்கள் கிளம்பும். அதைவிட மோசம், தீவிரமான நோய் ஏதாவது இருந்தால் அதை மறைத்து வைத்துவிடும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். உதட்டில் ஒரே இடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத எதையும் தோல் மருத்துவர் பார்த்தாக வேண்டும். உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. ஆகவே மேலே சொன்னதைத் தொடங்கும் நாளிலேயே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். படங்களையும் எடுத்துப் போங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. முப்பது வருடமாக வெயிலில் வேலை. கீழ் உதடு வெளிறிச் சொரசொரப்பாக இருக்கிறது. வலி இல்லை என்பதால் மருத்துவரிடம் வர மறுக்கிறார்.

பதில்: வலி இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கீழ் உதடு வெயிலை நேராக வாங்குகிறது. வெயிலைத் தாங்கும் நிறமியும் அதில் குறைவு. பல வருட வெயில் அந்தத் தோலின் செல்களைக் கெடுத்துவிடும். இதை ஆக்டினிக் கைலைட்டிஸ் என்கிறோம். உதட்டின் சிவப்பும் முகத் தோலும் சந்திக்கும் கோடு தெளிவாக இருக்கிறதா, கலைந்து மங்கிவிட்டதா என்று பாருங்கள். விரல் நுனியால் வருடினால் உப்புத்தாளைத் தொட்டது போல் இருக்கிறதா? இவை அதன் அடையாளங்கள். இது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. எல்லோருக்கும் புற்றாக மாறாது. ஆனால் உதட்டில் மாறினால், வெயில் படும் மற்ற இடத்துத் தோல் புற்றைவிடக் கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவும் வாய்ப்பு அதிகம். திட்டில் கட்டி தட்டுப்பட்டாலோ, ஆறாத புண், ரத்தக் கசிவு, தாடைக்குக் கீழே வீக்கம் இருந்தாலோ இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

புற்று இருக்கிறதா என்று தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதுதான் பயாப்ஸி. அந்தச் சொல்தான் பலரைப் பயமுறுத்துகிறது. மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோல் எடுத்து, ஓரிரு தையல் போடுவார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். சிகிச்சை என்று வந்தால், சின்னத் திட்டைத் திரவ நைட்ரஜனால் உறையவைப்பார்கள். பரவலாக இருந்தால் 5-ஃபுளூரோயூராசில் அல்லது இமிக்விமோட் கிரீம், லேசர், சிலருக்கு அறுவை சிகிச்சை. கிரீம் போடும்போது உதடு சிவந்து, புண்ணாகி, பொருக்குக் கட்டும். மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் கேட்டபின் நிறுத்துங்கள். எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேல் உள்ள லிப் பாமை வெயிலில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் சாப்பிட்டபின்னும் போட வேண்டும். சுற்றிலும் அகல விளிம்புள்ள தொப்பி அவசியம். புகையிலையை அறவே விட வேண்டும்.

கேள்வி: ஏழு வயது மகளுக்கு உதட்டைச் சுற்றி வட்டமாகச் சிவந்து காய்ந்திருக்கிறது. படர்தாமரையா?

பதில்: பெரும்பாலும் நாக்கால் நக்குவதுதான். நாக்கை எட்டும்வரை நீட்டிச் சுழற்றச் சொல்லுங்கள். சிவப்பின் எல்லையும் நாக்கு எட்டும் எல்லையும் ஒன்றாக இருந்தால் சந்தேகமே இல்லை. எச்சில் ஆவியாகும்போது தோலின் ஈரத்தையும் கொண்டுபோகும். அதிலுள்ள செரிமான நொதிகள் அரிக்கும். உதட்டை ஒட்டி மெல்லிய வளையம் மட்டும் நல்ல தோலாக இருந்து, அதற்கு வெளியே சிறு பருக்கள் இருந்தால் அது வேறு நோய், மருத்துவர் பார்க்கட்டும். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால் கிருமித் தொற்று. இனிப்பு வாசனை லிப் பாம் வாங்கித் தராதீர்கள், இன்னும் நக்கத் தோன்றும். வெறும் பெட்ரோலியம் ஜெல்லியைச் சிவந்த இடம் முழுவதும் போடுங்கள். மூக்கடைப்பால் வாய்வழி மூச்சு விடுகிறாளா என்றும் கவனியுங்கள். திட்டினால் பதற்றத்தில் அதிகமாக நக்குவாள்.

கேள்வி: அம்மா பல்செட் போடுகிறார். இரண்டு கடைவாயிலும் வெடிப்பு, ஆறுவதில்லை.

பதில்: பல்செட் தேய்ந்து உயரம் குறைந்தால் கடைவாயில் மடிப்பு விழுந்து எச்சில் தேங்கும், அங்கே பூஞ்சையும் பாக்டீரியாவும் சேரும். இரவில் பல்செட்டைக் கழற்றி, தேய்த்துக் கழுவி, ஊறவைக்க வேண்டும். பொருத்தத்தைப் பல் மருத்துவரிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டுவது), பி12, ரத்தச் சர்க்கரை நான்கையும் சோதிப்பது நல்லது. பூஞ்சைக்கு மைக்கோனசோல் கொடுப்பதுண்டு. அவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மைக்கோனசோல் ஜெல் வாய்வழியாக உடம்பில் சேர்ந்து வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி, ரத்தக் கசிவை உண்டாக்கலாம்.