கோயில் வாங்குகள்: மரமும் அளவும் பொருத்தும் – கேள்வி பதில்

தேவாலயங்களுக்குத் தனிமரத்தில் வாங்கு (பலர் சேர்ந்திருக்கும் நீள இருக்கை) செய்விப்பது பற்றி யாழ்ப்பாணத்தின் பல இடங்களிலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (பாசையூர்): எங்கட கோயிலுக்கு 30 வாங்கு செய்ய யோசிக்கிறம். ஒரு வாங்குக்கு எவ்வளவு மரம் போகும்? எத்தினை பேர் இருக்கலாம்?

பதில்: ஆளுக்கு 20 அங்குலம் விடுங்கள். 18 என்று போட்டால் தாளில் ஆட்கள் கூடுவார்கள். ஆனால் சேலையோடு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பவருக்கு அது காணாது. 10 அடி வாங்கில் 6 பேர் வசதியாக இருக்கலாம்.

மரக் கணக்கு இப்படி வரும். 18 அங்குல அகலம், 1½ அங்குலத் தடிப்பில் இருக்கைப் பலகை 1.9 கன அடி. 14 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பில் சாய்வுப் பலகை 1 கன அடி. பக்கப் பலகை இரண்டும் 1.5, நடுக்கால் 0.3, முழந்தாட் பலகை 0.7, புத்தகத் தட்டு 0.4, கீழ்ச்சட்டம் 0.4. மொத்தம் 6.2 கன அடி. சீவலிலும், முடிச்சும் வெளிறும் கழிப்பதிலும் போவதற்கு 30 சதவீதம் சேர்த்தால் 8 கன அடி. 30 வாங்குக்கு 240 கன அடி வாங்க வேண்டும். நடுக்காலைச் செலவென்று விட்டுவிடாதீர்கள். 1½ அங்குலப் பலகை 10 அடியை நடுவில் தாங்கல் இல்லாமல் கடந்தால் சில வருடத்தில் தொய்ந்துவிடும்.

30ஐயும் ஒரேயடியாக அறுக்க வேண்டாம். ஒன்றை மட்டும் செய்து கோயிலுக்குள் வைத்து, வயதானவர்களையும் பிள்ளைகளையும் ஒரு முழுப் பூசைக்கு அதில் இருக்கச் சொல்லுங்கள். பிழை தெரிந்தால் அந்த ஒன்றோடு போகட்டும்.

கேள்வி (மானிப்பாய்): வளவில் நிண்ட வேம்பைத் தறிச்சு வைச்சிருக்கிறம். அதிலயே செய்யலாமோ?

பதில்: தாராளமாகச் செய்யலாம். வைரம் பாய்ந்த வேம்பைக் கறையான் இலேசில் தொடாது. ஆனால் அதன் நார் பின்னிக் கிடக்கும், ஒரே அகலப் பலகையாக எடுத்தால் முறுக்கும். 4 அல்லது 5 அங்குலத் துண்டுகளாக அறுத்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிச் சேர்ப்பதே நல்லது.

காய வைப்பதில்தான் பொறுமை வேண்டும். அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. இன்றும் அதை நம்பலாம். நிழலில், நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், பலகைகளுக்கு இடையே 1 அங்குலச் சட்டங்களை 2 அடிக்கு ஒன்றாக வைத்து அடுக்குங்கள். சட்டங்கள் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், விலகினால் பலகை வளைந்து காயும். அறுத்த அன்றே இரு முனைக்கும் பெயின்ற் அல்லது மெழுகு பூசுங்கள். வைகாசி தொடங்கி சோளகம் (தென்மேல் காற்று) அடிக்கும் மாதங்களில் பூசாத முனைதான் முதலில் வெடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்று கையால் தடவிச் சொல்ல முடியாது. பலகையின் நடுவிலிருந்து சிறு துண்டு வெட்டி நிறுங்கள். 103 பாகை செல்சியஸ் சூட்டு அடுப்பில் நிறை குறைவது நிற்கும்வரை வைத்துத் திரும்ப நிறுங்கள். 100 கிராம் துண்டு 88 ஆனால், குறைந்த 12ஐ 88ஆல் வகுக்க ஏறத்தாழ 13.6 சதவீத ஈரம். 12 முதல் 14க்குள் வந்த பிறகே உளி வையுங்கள்.

பலாவை யோசிப்பவர்களுக்கு ஒரு சொல்: 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றும் வருகின்றன. அனுமதி எடுக்காமல் கோடரி போடாதீர்கள்.

கேள்வி (ஊர்காவற்றுறை): செய்து இரண்டு வருசம்தான். இருக்கைப் பலகை நீளப்பாட்டுக்கு வெடிச்சுப் போச்சு. மரம் கூடாததோ?

பதில்: பெரும்பாலும் மரத்தில் பிழை இராது, பூட்டிய விதத்தில் இருக்கும். மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில் அசையும். 18 அங்குலப் பலகையின் ஈரம் 4 சதவீதம் மாறினால், அடக்கமான தேக்கில்கூட அகலம் கிட்டத்தட்ட ⅛ அங்குலம் கூடிக் குறையும். மார்கழி மழையில் ஊதி, ஆடிக் காற்றில் சுருங்கும். முன் விளிம்பையும் பின் விளிம்பையும் பசையும் ஆணியும் போட்டு இறுக்கியிருந்தால் சுருங்குவதற்கு இடமில்லை. அப்போது பலகை எங்காவது கிழிந்தே தீரும்.

முன் விளிம்பை மட்டும் இறுகப் பூட்டுங்கள். பின்பக்கத் திருகாணிகளுக்கு வட்டத் துளை போடாமல், பலகையின் அகலப் பக்கமாக ½ அங்குலம் நீண்ட துளை போட்டு, வாசர் வைத்து அளவாக முறுக்குங்கள். பலகை நகரும், ஆணி பிடித்திருக்கும். பக்கப் பலகையோடு சேரும் இடத்தில் பசை வேண்டாம். சட்டங்கள் கால்களில் சேருமிடத்தில் கழுந்து (துளைக்குள் இறங்கும் மரமுனை) போட்டு, அங்கே பசை பூசுங்கள்.

வெடித்ததற்கு மரத்தூளும் பசையும் அடைக்க வேண்டாம், அடுத்த மழையில் பிதுங்கும். பலகையைக் கழற்றி, வெடிப்பு நெடுக வாளால் அறுத்து, விளிம்பு சீவித் திரும்ப ஒட்டி, மேலே சொன்னபடி பூட்டுங்கள்.

கேள்வி (இளவாலை): உயரம், சாய்வு, வரிசை இடைவெளி என்ன?

பதில்: இருக்கை முன் விளிம்பு 17 அங்குலம், பின்னோக்கி ½ அங்குலச் சரிவு. இருக்கும் ஆழம் 16. சாய்வு 10 முதல் 12 பாகை, உச்சி 34 அங்குலம். முழந்தாட் பலகை மெத்தையோடு 6 அங்குல உயரம். முழந்தாட்படியிட்டவர் முழங்கை ஊன்ற, முன்வாங்கின் தட்டு 31 அல்லது 32. முதுகுக்கு முதுகு 36 அங்குலம். முழந்தாட் பலகை இல்லாவிட்டால் 33 போதும். நடுப்பாதையை 5 அடிக்குக் குறைக்காதீர்கள். சவப்பெட்டியும் அதைத் தூக்குபவர்களும் அந்த வழியால்தான் போக வேண்டும்.

கேள்வி (குருநகர்): ஆணியைச் சுத்திக் கறுப்பாய் ஓடுது.

பதில்: உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் இரும்பு, மரத்தின் துவர்ப்போடு சேர்ந்தால் வரும் கறை அது. ஆணியை எடுத்துவிட்டு 316 தர துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி போடுங்கள். கறைக்கு, 1 லீற்றர் சுடுநீரில் 50 கிராம் ஒக்சாலிக் அமிலம் கரைத்துப் பூசி, பிறகு நன்றாகக் கழுவுங்கள். அது நஞ்சு, கையுறை அவசியம்.

கேள்வி (சுண்டுக்குளி): பொலிஷ் வெள்ளை உடுப்பில ஒட்டுது.

பதில்: கரைத்து மாதக்கணக்கில் வைத்த அரக்குப் பொலிஷ் இறுகாது. வார்னிஷைத் தடிப்பாகப் பூசினாலும் அடிப்பூச்சு காயாமல் கிடக்கும். சுரண்டி எடுத்து, 180, பிறகு 240 இலக்க மண்தாளால் தேய்த்து, பொலியூரித்தேன் வார்னிஷ் மூன்று மெல்லிய பூச்சு கொடுங்கள். மழை நாளில் பூசினால் வெண்மை படரும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு இரண்டு வாரம் ஆட்களை இருக்கவிடாதீர்கள்.

கேள்வி (நாவாந்துறை): திருவிழாவுக்கு வாங்குகளை வெளியில எடுக்கிறனாங்கள். முதிரையில செய்யலாமோ?

பதில்: உறுதியில் முதிரைக்கு நிகரில்லை. ஆனால் மேற்சொன்ன 10 அடி வாங்கு முதிரையில் ஏறத்தாழ 150 கிலோ வரும், மகோகனியில் 85 அளவில் நிற்கும். வருடத்துக்கு இரண்டு தரம் தூக்குவதானால் மகோகனி எடுங்கள், அல்லது முதிரையில் 6 அடி வாங்காகச் செய்யுங்கள். இழுத்து நகர்த்தினால் எந்தக் கழுந்தும் தளரும், ஆகவே தூக்கியே வைக்க வேண்டும். கால்களின் அடிமுனைக்கு எபொக்சி பூசி, ¼ அங்குல றப்பர் வையுங்கள். நிலம் கழுவும் தண்ணீர் அந்த முனையால்தான் உள்ளே ஏறுகிறது.