ஒளிப்பதிவுப் படிப்பும் நகைக்கடனும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். என் தங்கை பி.காம் முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாகக் கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைனிங் செய்கிறாள். சம்பளம் மாதம் 12,000 ரூபாய். முகூர்த்த நாட்களில் அவ்வப்போது கேமராவும் எடுக்கிறாள். இப்போது சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஓராண்டு ஒளிப்பதிவுப் பட்டயப் படிப்பில் சேர ஆசைப்படுகிறாள். கட்டணம் 4,80,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மாத இறுதிக்குள் 50,000 முன்பணம் கட்டினால் சலுகை உண்டு என்கிறார்கள். கல்விக்கடன் கிடைக்காது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அவள் கல்யாணத்துக்கு என்று வைத்திருக்கும் நகையில் பாதியை அடகு வைத்து, மீதிக்கு நான் தனிநபர் கடன் வாங்கலாம் என்று இருக்கிறோம். அம்மாவுக்கு விருப்பமில்லை. போட்ட பணம் திரும்ப வருமா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்., கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள எம்.,

உங்கள் தங்கை ஒளிப்பதிவு கற்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் இந்தப் படிப்புக்கு, இந்தத் தொகையை, இப்படிக் கடன்பட்டுச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் 4,80,000 ரூபாய், 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும்போது 5,66,400 ஆகிவிடும். சென்னையில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 10,000 என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 1,20,000. இப்போது வாங்கும் சம்பளம் ஓராண்டு நின்றுபோவதால் வரும் இழப்பு 1,44,000. பெரும்பாலான குடும்பங்கள் இதைச் செலவுக் கணக்கில் எழுதுவதே இல்லை. எல்லாம் சேர்த்து 8,30,400 ரூபாய். இவ்வளவுக்குப் பிறகும் அவர் கையில் சொந்தமாக ஒரு கேமரா இருக்காது.

இதில் ஐந்து லட்சத்தைப் பன்னிரண்டு விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுத் தவணைக்கு வாங்குவதாக வைத்துக்கொண்டால் மாதம் 11,122 ரூபாய், ஆண்டுக்கு 1,33,464 ரூபாய் கட்ட வேண்டும். நகைக்கடன் என்றால் பொதுவாக ஓராண்டுக்குள் வட்டியோடு மீட்க வேண்டும், அல்லது மாற்றி வைக்க வேண்டும். படிப்பு முடியும் மாதமும் நகையை மீட்க வேண்டிய மாதமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நிற்கும். படிப்பு முடிந்த மறுமாதமே பணம் வரத் தொடங்கும் துறைகள் சில இருக்கலாம், ஒளிப்பதிவு அவற்றில் ஒன்றன்று.

திரைப்படத் துறையில் பயிற்சி முடித்த ஒருவர் முதலில் ஓர் ஒளிப்பதிவாளரிடம் உதவியாளராகச் சேர்கிறார். படப்பிடிப்பு நடக்கும் நாட்களில் பேட்டா என்னும் நாள்படி கிடைக்கும், இல்லாத நாட்களில் அதுவும் இல்லை. ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை சென்னையில் வாடகை கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஒளிப்பதிவாளர் சங்க உறுப்பினர் அட்டைக்குத் தனியாகப் பணமும் காலமும் தேவை. உண்மையில் தொழில் பழகுவது இந்த ஆண்டுகளில்தான். மாதம் 11,000 ரூபாய் தவணை உள்ளவரால் இந்த ஆண்டுகளைத் தாங்க முடியாது. மூன்றாம் மாதமே ஏதேனும் ஒரு சம்பள வேலைக்குப் போய்விடுவார். எந்த வழியில் போவதற்காகப் படித்தாரோ அந்த வழியைப் படிப்புக்காக வாங்கிய கடனே அடைத்துவிடும். இந்தப் படிப்புகளில் எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிவது கட்டணத்தின் அளவைவிட இதுதான்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு முகத்தில் ஒளிப்பக்கத்துக்கும் நிழல்பக்கத்துக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்க வேண்டும் என்பதை அளந்து பார்க்கவும், ஒரு காட்சிக்கு ஏன் 85 எம்எம் லென்ஸ் என்று காரணத்தோடு சொல்லவும் முறையான வகுப்பு கற்றுத்தரும். அதைவிட மதிப்புள்ளது உடன் படிப்பவர்கள். இயக்கம், படத்தொகுப்பு, ஒலிப்பதிவு படிக்கும் மாணவர்கள் ஒரே வளாகத்தில் இருந்து சேர்ந்து குறும்படம் எடுத்தால், பிற்காலத்தில் ஒருவர் மற்றவரை வேலைக்கு அழைப்பார். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் அப்படிப்பட்ட இடம். 1945-இல் தொடங்கிய அந்த நிறுவனத்திலிருந்துதான் ஒளிப்பதிவாளர்கள் பி.சி. ஸ்ரீராமும் ராஜீவ் மேனனும் வந்தார்கள். இப்போது அங்கே ப்ளஸ் டூவுக்குப் பிந்தைய நான்காண்டுப் பட்டப்படிப்பு நடக்கிறது, வயது வரம்பும் உண்டு, பி.காம் முடித்து இரண்டு ஆண்டுகள் ஆன உங்கள் தங்கைக்கு அது பொருந்தாமல் போகலாம். பட்டதாரிகளுக்கு நுழைவுத்தேர்வு வழியாக மூன்றாண்டு ஒளிப்பதிவுப் படிப்பு, 1960-இல் தொடங்கிய புணே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்திலும் 1995-இல் தொடங்கிய கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனத்திலும் இருக்கிறது. போட்டி கடுமையானது. அங்கும் கட்டணமும் செலவும் உண்டு. ஆனாலும் அவை அரசு நிறுவனங்கள் என்பதால் கல்விக்கடனுக்கு வழி இருக்கிறது. வட்டி ஏறிக்கொண்டிருந்தாலும், படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதே பொதுவான வங்கி நடைமுறை. சினிமாதான் நோக்கம் என்றால் அந்தத் தேர்வுகளை இரண்டு முறையாவது எழுதிப் பார்க்கட்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அவருக்குப் பிடித்திருப்பது திருமணப் புகைப்படமோ என்றும் தோன்றுகிறது. அப்படியானால் கணக்கு முற்றிலும் வேறு. முகூர்த்தம் இருந்தால்தான் அந்தத் தொழிலில் வருமானம். ஆடியிலும் மார்கழியிலும் வேலை இல்லை, புரட்டாசியிலும் பல வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. வைகாசி, ஆவணி, தை, பங்குனியில் ஒரே நாளில் நான்கு மண்டபங்களிலிருந்து அழைப்பு வரும், ஒன்றுக்குத்தான் போக முடியும். தொடக்கத்தில் செகண்டு கேமராவாக, அதாவது முதன்மைப் புகைப்படக்காரருக்குத் துணையாக, ஆண்டுக்கு முப்பது நாள், நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 90,000 ரூபாய். மேலே சொன்ன ஆண்டுத் தவணைக்கே அது போதாது. சொந்தமாக ஆர்டர் பிடிக்கத் தொடங்கினால் தொகை உயரும். ஆனால் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக் கொடுக்காமல் மாதக்கணக்கில் இழுக்கும் வீடுகளில் மீதிப் பணமும் சேர்ந்து நிற்கும் என்பதை, ஆல்பம் செய்யும் உங்கள் தங்கை ஏற்கெனவே பார்த்திருப்பார்.

அவர் இனிக் கற்க வேண்டியதில் பெரும்பகுதி உங்கள் மாவட்டத்து மண்டபங்களிலேயே இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் பகுதி அது. தமிழ்க் கல்யாணத்தில் தாலி கட்டும் நொடியில் கூட்டம் முழுவதும் எழுந்து அட்சதை போடும், அதற்குள் இடம் பிடித்திராதவரின் படத்தில் உறவினர்களின் முதுகுகள்தாம் இருக்கும். தெலுங்குக் கல்யாணத்தில், நடுவில் திரை பிடித்திருக்க, மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்த விழுதை வைக்கும் நேரமே முகூர்த்தம். தாலிக்காகக் காத்திருக்கும் புகைப்படக்காரர் அதைத் தவறவிட்டால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கன்னட வீடுகளில் தாரை வார்க்கும்போது நீர் விழும் கைகளை அருகிலிருந்து எடுக்க வேண்டும். இவற்றை அனுபவமுள்ள ஒருவரோடு போய்த்தான் கற்க முடியும். மணமகள் அறையிலும் மஞ்சள் நீராட்டு விழாவிலும் குழந்தைப் படங்களிலும் பெண் புகைப்படக் கலைஞர்தான் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் பெருகிவருகின்றன. உங்கள் மாவட்டத்தில் உங்கள் தங்கைக்கு இருக்கும் உண்மையான சாதகம் அது.

ஆகவே, இப்போதைய வேலையை விடாமல், வரும் முகூர்த்த மாதங்களில் ஓசூரிலோ தருமபுரியிலோ நல்ல பெயருள்ள ஒரு குழுவோடு அவர் தொடர்ந்து போகட்டும். இரண்டு மெமரி கார்டுகளில் ஒரே நேரத்தில் பதிவாகும் ஒரு கேமரா உடலும் 50 எம்எம், 85 எம்எம் லென்ஸ்களும் முதலில் போதும். மற்றதை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒளியமைப்பை மட்டும் கற்க, சில வாரங்களில் முடியும் குறுகிய காலப் பயிற்சி ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். ஆர்டர்கள் நிலைபெற்ற பிறகு தொழில் தொடங்க 5 லட்சம் வரை, சிறுதொழில்களுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் விண்ணப்பிக்கலாம். அந்தக் கடனை அடைக்க அப்போது வருமானம் இருக்கும்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நகையை அடகு வைக்க வேண்டாம் என்ற அவருடைய முடிவு சரி. ஆனால் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்பதற்காகப் பெண்ணின் படிப்பு நின்றுபோகக் கூடாது. நாளை தங்கைக்குப் புணேயில் இடம் கிடைத்தால், அந்த நகையை எடுப்பதற்கு அதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது என்று அம்மாவிடம் நீங்கள் பேச வேண்டும்.

சலுகைக்கு நாள் குறித்திருப்பதற்காக முன்பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதையும், ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே படித்து முடித்த மூன்று பேரை நீங்களும் தங்கையும் நேரில் சந்தித்து, இப்போது மாதம் எவ்வளவு வருகிறது, அதில் கடனுக்கு எவ்வளவு போகிறது என்று விசாரியுங்கள். அவர்களைச் சந்திக்க வைக்க நிறுவனம் தயங்கினால், அந்த 50,000 ரூபாயில் தங்கைக்கு முதல் லென்ஸை வாங்கிக் கொடுங்கள்.