கர்ப்ப காலத் தொற்றுகள்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், எனக்கு இப்போ 10 வாரம். மூத்தவனுக்கு இரண்டரை வயசு. அவன் மிச்சம் வைக்கிற சோத்தை நான்தான் சாப்பிடறேன். ஏதும் ஆகுமா?

பதில்: இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள் அம்மா. சைட்டோமெகலோ வைரஸ் சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் வெளியேறும். பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும், உங்களுக்கும் லேசான காய்ச்சலோடு போய்விடும். ஆனால் கருவுக்குப் பரவினால் குழந்தைக்குக் காது கேளாமல் போகலாம். தடுப்பூசி கிடையாது, அதனால் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். அவனுடைய தட்டு, ஸ்பூன், டம்ளரை நீங்கள் பயன்படுத்த வேண்டாம். முத்தத்தை உதட்டில் கொடுக்காமல் நெற்றியில் கொடுங்கள். ஜட்டி மாற்றினாலோ மூக்கைத் துடைத்தாலோ சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். தூக்குவது, கட்டிக்கொண்டு படுப்பது எதையும் விட வேண்டாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டிருக்கு. தெரியாம நேத்து அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். 5 மாசம்.

பதில்: சின்னம்மை உங்களுக்கு முன்பே வந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அம்மாவிடம் கேளுங்கள். யாருக்கும் நினைவில்லை என்றால் இன்றே டாக்டரிடம் சொல்லி, எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இல்லையென்றால் தயார் நிலையில் உள்ள எதிர்ப்புச் சக்தியைத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி உண்டு. நேற்றிலிருந்து 10 நாளுக்குள் போட வேண்டும், சீக்கிரம் போடுவது நல்லது. கொப்புளம் வந்த பிறகு அது உதவாது. கொப்புளம் தெரிய 21 நாள் வரை ஆகலாம். தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவது பற்றி டாக்டர் முடிவு செய்ய வேண்டும். அம்மைக்கு மருந்து சாப்பிடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேப்பிலை பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் கர்ப்பிணிக்கு இது நிமோனியாவாக மாறக்கூடியது, மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் போனில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அங்கே மற்ற கர்ப்பிணிகள் இருப்பார்கள்.

கேள்வி: யூரின் கல்ச்சர்ல கிருமி இருக்காம். எரிச்சலே இல்லையே, மாத்திரை எதுக்கு?

பதில்: கர்ப்பத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்து சிறுநீர் தேங்கும், கிருமி எளிதாகச் சிறுநீரகத்துக்கு ஏறும். பிறகு குளிர்காய்ச்சல், குறைப்பிரசவம் வரை போகும். அதனால் எரிச்சல் இல்லாவிட்டாலும் கோர்ஸை முழுதாக முடியுங்கள், முடிந்ததும் மறுபடி கல்ச்சர் பாருங்கள். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள். இல்லையென்றால் தோலில் உள்ள கிருமி கலந்து ரிப்போர்ட் குழப்பும். வெளியூர்ப் பயணத்தில் அடக்குவதும், அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் வேண்டாம்.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கு. வெளியே விட்டுடணுமா?

பதில்: வேண்டாம். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக் கிருமி பூனையின் மலத்தில் வரும், தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தினமும் வேறு யாராவது அள்ளிப் போடட்டும். தோட்ட மண்ணைக் கையுறையோடு தொடுங்கள், கறி உள்ளே சிவப்பு இல்லாமல் வேகட்டும்.

கேள்வி: காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கிற மாத்திரை போடலாமா?

பதில்: பாராசிட்டமால் 500 மி.கி. போடலாம். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் கலந்தவை கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். 100.4 டிகிரியைத் தொட்டாலே அன்றே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: டிடி ஊசி எத்தனை?

பதில்: டெட்டனஸ் (ரணஜன்னி), டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) இரண்டையும் தடுக்கும் இந்த ஊசி 4 வார இடைவெளியில் 2. முந்தைய கர்ப்பத்தில் 2 ஊசியும் போட்டு 3 வருடத்துக்குள் மறுபடி கருத்தரித்திருந்தால் ஒரு பூஸ்டர் போதும். ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசி இப்போது கூடாது, பிரசவத்துக்குப் பின் பால் கொடுக்கும்போதே போடலாம்.